'இதர' என்னும் அரை அங்குலக் கோடு: ஒரு கிராமத் தங்கல் சேவை பற்றிய மதிப்பீடு

மூன்று இரவுகள் தங்கிவிட்டுத் திரும்பிய மறுநாள் காலையில், நான் முன்பதிவு செய்திருந்த சேவையிடமிருந்து மதிப்பீட்டுப் படிவம் வந்தது. படுக்கை, குளியலறை, தூய்மை, இணைய இணைப்பு, வந்துசேரும் வசதி, விருந்தளித்தவர் பழகிய விதம், கொடுத்த பணத்துக்கு ஏற்ற பயன் என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். நான் எதற்காக அந்தக் கிராமத்துக்குப் போனேனோ அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது, கிராமியச் சுற்றுலாவில் புதிதாக ஒன்றைச் செய்ய முனைபவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்கிறார்கள் என்பதை, அங்கே நான் காதால் கேட்ட குறைகளைவிட அந்த ஏழு கேள்விகள் தெளிவாகச் சொல்வதாகப் பட்டது. ஆகவே படிவத்தை நிரப்புவதற்கு முன் இதை எழுதுகிறேன்.

சேவை எது, கிராமம் எது என்பதைச் சொல்லப்போவதில்லை. இங்கே வரும் குறைகளில் பல இந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பவை அல்ல. தவிர, விருந்தளித்த அம்மையாரின் காப்பீட்டுக்குள் அடங்காத ஒரு காரியத்தைப் பற்றியும் பேசவேண்டியிருப்பதால் பெயரை விட்டுவிடுவதே நியாயம். நகரத்து விடுதிகளைச் சேர்க்காமல், கிராமத்து வீடுகளையும் பண்ணைகளையும் மட்டுமே பட்டியலிட்டு இடம் பிடித்துத்தரும் இணையதளம் அது என்று தெரிந்துகொண்டால் போதும்.

தங்கலைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை, குறையும் இல்லை. படத்தில் கண்ட அறையே நேரிலும் இருந்தது. இந்தத் தொழிலில் அது எப்போதும் கிடைத்துவிடுவதல்ல. வழிக்குறிப்பு, பாலத்தைத் தாண்டியதும் வலப்புறம் பிரியும் தார்ச்சாலையை விட்டுவிட்டு அடுத்த மண்சாலையில் திரும்பவேண்டும் என்ற அளவுக்குத் துல்லியமாக இருந்தது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வேறு வண்டி கிடைக்காது என்பதை இரண்டு முறை நினைவூட்டினார்கள். இணைய இணைப்பு முதல் இரவு விட்டுவிட்டு வந்தது. நானும் முகம் சுளித்துக்கொண்டு, அந்த அம்மையாரிடம் பேசிய முதல் பேச்சே அதைப் பற்றிய புகாராகத்தான் இருந்தது என்பதை, பின்னால் சொல்லவிருக்கும் விஷயத்துக்காக இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் போனது நீர்முறை நடைக்காக. வாய்க்கால் பாசனத்தில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட இயலாது என்பதால், நிலத்தின் பரப்புக்கு ஏற்ப இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். முறை இரவு பகல் பார்த்து வருவதில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு வந்தால், அந்நேரத்தில் எழுந்து போய், முந்தைய முறைக்காரர் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட அடைப்பை எடுத்துவிட்டு, தன் மடைக்குக் கீழே வாய்க்காலை அடைத்து, மடையைத் திறந்து, வயலின் கடைக்கோடிக்குத் தண்ணீர் சேரும்வரை வரப்பில் நிற்கவேண்டும். அந்த அம்மையார் செய்ததெல்லாம், தன் முறை வரும் இரவில் தங்கியிருக்கும் விருந்தினர் இரண்டு மூன்று பேரையும் உடன் அழைத்துப் போனதுதான்.

இரண்டாம் நாள் இரவு ஒன்றேகாலுக்குக் கதவைத் தட்டினார். கையிலிருந்த டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெள்ளை வெளிச்சம் ஒருமுறை பட்டுவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி ஆகிவிடும் என்பதைப் பல இரவுகளின் பழக்கத்தில் அவரே கண்டுகொண்டிருக்கிறார். கால்மணி நேரம் நடந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பேசக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர் பேசாததால் நாங்களும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து முதலில் கேட்டது சருகின் சத்தம். ஓடிவரும் நீரின் முனை, வாய்க்காலின் அடியில் கிடந்த காய்ந்த இலைகளையும் துரும்புகளையும் தள்ளிக்கொண்டு, ஒரு மனிதர் நிதானமாக நடந்துவரும் வேகத்தில் வந்தது. நுரைத்த அந்த முனைக்கு முன்னால் எறும்புகளும் சிலந்திகளும் கரையேறி ஓடின. அவர் மண்வெட்டியால் மூன்று வெட்டு வெட்டி மடையைத் திறந்தார். வெட்டியெடுத்த அதே மண்ணையும் ஓர் ஈரச் சாக்கையும் வைத்து வாய்க்காலை அடைத்தார். என்னையும் ஒரு வெட்டு வெட்டச் சொன்னார். நான் வெட்டிய மண் அடைப்பின்மேல் விழாமல் ஓடும் தண்ணீரில் போய் விழுந்தது. சிரித்துக்கொண்டே அதை அள்ளி எடுத்து உரிய இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் வரப்பில் நின்றிருந்தோம். வயலின் மறுகோடியில் ஊன்றியிருந்த வெள்ளைக் குச்சியின் அடி நனைந்ததும், "போதும்" என்றார்; வீடு திரும்பினோம்.

கிராமத்துக்கு வருகிறவர்களுக்காகக் கிராமத்தை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இங்கே எனக்காக எதுவும் நடத்தப்படவில்லை. நான் போகாமல் உறங்கியிருந்தாலும் அவர் அந்நேரம் அங்கேதான் நின்றிருப்பார். செலவு என்று பார்த்தால் சிவப்புத் தாள் ஒன்றுதான். இத்தனை எளிய ஒன்று ஏன் பக்கத்துக் கிராமங்களில் இல்லை, ஏன் இந்தக் கிராமத்திலேயே வேறு யாரும் செய்வதில்லை என்று மறுநாள் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்துவந்தார்.

முன்பக்கங்களில் தேதி, தண்ணீர் வந்த நேரம், உடன் வந்தவர்கள், அவர்கள் கேட்ட கேள்விகள் என்று பத்தி பிரித்து எழுதியிருந்தார். பின்பக்கங்களில் அவர் அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்கள் ஒட்டியிருந்தன. பதிவுக்கான படிவத்தில் அறைகளின் எண்ணிக்கை, கட்டில்களின் எண்ணிக்கை, கழிப்பறைகளின் எண்ணிக்கை, கட்டடத்தின் பரப்பு என்று ஒரு பக்கம் முழுவதும் கட்டங்கள். கடைசியில் 'இதர சேவைகள்' என்று எழுதி அரை அங்குல நீளத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் தொடங்கி, வலது ஓரத்தில் ஏறி, தாளின் தலைப்பகுதிவரை பொடி எழுத்தில் நீர்முறை நடையை விளக்கியிருந்தார். 'உரிய இடத்துக்குள் எழுதவும்' என்ற குறிப்போடு அது திரும்பி வந்திருந்தது. "இதுக்கு எந்தக் கட்டம்னு அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை, தம்பி" என்றார்.

கிராமத்தார் மாற்றத்தை விரும்பமாட்டார்கள், புதிய யோசனை அவர்களிடம் பிறக்காது, பயிற்சி போதாது, முதலீடு போதாது என்று இத்துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அடுக்கும் காரணங்களை நானும் நம்பிக்கொண்டுதான் போனேன். அந்த நோட்டைப் புரட்டிய பிறகு அந்த வரிசையின் தலைப்பில் வேறொன்றை வைக்கத் தோன்றுகிறது. கிராமியச் சுற்றுலாவைச் சுற்றி நிற்கும் உரிமம், வங்கிக் கடன், மானியம், காப்பீடு, முன்பதிவுத் தளம், விருந்தினரின் மதிப்பீடு ஆகிய அனைத்துக்கும் எண்ணத் தெரிந்தது அறையை மட்டுமே. கிராமத்தில் புதிதாகப் பிறப்பதோ பெரும்பாலும் நேரத்தில் பிறக்கிறது: யாரோ ஒருவர் தன் வேலையின் சில மணி நேரத்தை இன்னொருவருக்குத் திறந்துவிடுகிறார். அதை எழுதிக்கொள்ள யாரிடமும் பத்தி இல்லை. புத்தாக்கத்தை அளப்பவர்களுக்கே இந்தக் குறை இருந்ததுண்டு. பல நாடுகளின் கணக்கெடுப்புகளுக்கு அடிப்படையான ஆஸ்லோ கையேடு 1992 இல் முதலில் வந்தபோது தொழிற்சாலைகளின் தொழில்நுட்பப் புதுமையை மட்டுமே கருத்தில் கொண்டது. சேவைத் துறைகள் 1997 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் உள்ளே வந்தன.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், முதலில் நான் மதிப்பிட வந்த சேவையையே. இந்தத் தளத்தில் அறையோடு 'அனுபவம்' ஒன்றையும் சேர்த்து விற்க வழி இருக்கிறது. அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும், பல தளங்களில் அதுவும் இல்லை. ஆனால் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் நிரப்பாமல் பதிவை முடிக்க அது விடுவதில்லை. தண்ணீர் மேலே எத்தனை மணிக்குத் திறக்கப்படுகிறது, நடுவில் எங்கே கரை உடைந்திருக்கிறது, முந்தையவர் எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து முறை முன்பின்னாக வரும். அவர் வேறு வழியில்லாமல் இரவு 11 மணி என்று போட்டுவைத்தார். முதல் பருவத்தில் வந்த விருந்தினர் ஒருவர் 11 மணியிலிருந்து மூன்று மணி வரை உடையணிந்து காத்திருந்துவிட்டு, 'நேரம் தவறியது' என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு நட்சத்திரம் அவருடைய வீட்டின் மொத்த மதிப்பெண்ணை இழுத்துப்போட்டது. நடையை நிறுத்திவிட்டு அறையை மட்டும் கொடுத்தால் மதிப்பெண் ஏறிவிடும் என்று சேவையின் உதவி மையம் ஆலோசனை சொன்னதாம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர்களுடைய கணக்கின்படி அது சரியான ஆலோசனை என்பதுதான் சிக்கல்.

நீர்ப் பங்கீட்டைப் பார்க்க மக்கள் வரமாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஸ்பெயினின் வலென்சியாவில் பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் நீர்த் தீர்ப்பாயம் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் கூடுகிறது. யுனெஸ்கோ 2009 இல் அதை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பயணிகள் அதற்கென்றே போய் நிற்கிறார்கள். ஆனால் அதற்குக் கிழமையும் மணியும் உண்டு, வழிகாட்டி அட்டையில் அச்சடிக்கலாம். தண்ணீரின் வருகைக்கு அது இல்லை. காத்திருப்பதும் இந்த நடையின் பகுதிதான் என்று ஒரு வரி எழுதவும், 'நேரம் அன்று மாலை தெரிவிக்கப்படும்' என்று ஒரு தெரிவு வைக்கவும் இந்தத் தளத்துக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று தெரியவில்லை. மிகுதியாக இருக்கும் என்று தோன்றவில்லை.

காப்பீட்டின் கதை சிறியது. அவர் எடுத்திருக்கும் காப்பீடு வீட்டின் எல்லைச் சுவருக்குள் விருந்தினருக்கு நேரும் விபத்துக்கு ஈடு தரும். வெளியே போனால், அதுவும் இருட்டில் போனால், பொறுப்பு அவருடையது. நீர்நிலைக்கு அருகில் இரவில் அறிமுகமில்லாதவர்களை அழைத்துச் செல்வதை எந்தப் பிரிவில் வைப்பது என்று முகவர் இரண்டு மாதம் தேடியபின், படகுச் சவாரிக்கான கட்டணத்தைச் சொன்னாராம். கணுக்கால் ஆழத் தண்ணீருக்குப் படகுச் சவாரிக் கட்டணம் என்பது சிரிப்பை வரவழைக்கலாம். இன்றுவரை காப்பீடு இல்லாமல் விருந்தினரை அவர் அழைத்துப்போவது சிரிப்பதற்குரியதல்ல. ஒரு விருந்தினனாக நான் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்கவேண்டும். சேவை அதைத் தன் பக்கத்தில் சொல்லவில்லை, அவரும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். இது இருவர்மேலும் எனக்குள்ள நேரடியான குறை.

பணத்தின் கதை பெரியது. மூன்றாவது அறை ஒன்றை அவர் கட்டியிருக்கிறார். தேவைப்பட்டுக் கட்டியதல்ல. நடைக்கு உதவியாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளவும், மழைக்காலத்துக் காலணிகள் வாங்கவும், வரப்பில் இரண்டு இடங்களில் கைப்பிடி போடவும் கடன் கேட்டுப் போனபோது, பிணையாக வைக்கத்தக்க எதையும் அது உருவாக்காது என்று கைவிரித்தார்கள். அறை கட்டுவதாக இருந்தால் கடனும் உண்டு, மானியமும் உண்டு என்றார்கள். கட்டினார். வருடத்தில் பெரும்பகுதி அது பூட்டியே கிடக்கிறது. தவணை மட்டும் பூட்டிக்கொள்வதில்லை. தவணையைக் கட்டுவதற்காக அறையை நிரப்பவேண்டியிருக்கிறது, அறையை நிரப்புவதற்கு நட்சத்திரம் வேண்டியிருக்கிறது, நட்சத்திரம் குறையக் காரணமாக இருப்பது நடை. புதுமைக்காகக் கேட்ட கடன் புதுமையின் கழுத்தில் கயிறாக மாறிய விதத்தை இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

மானியம் கட்டடத்தின் பக்கமே சாய்வது இந்த ஓர் இடத்தின் வழக்கமும் அல்ல. இந்தியாவின் மத்திய சுற்றுலா அமைச்சகம் 2000களின் தொடக்கத்தில் நடைமுறைப்படுத்திய கிராமியச் சுற்றுலாத் திட்டத்தில், ஒரு கிராமத்தின் கட்டமைப்புக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும் அங்குள்ளவர்களின் திறன் வளர்ப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். மனிதர்களுக்கென்று தனித் தலைப்பு ஒதுக்கியதே பெரிய விஷயம்தான். ஆனாலும் கட்டி முடித்ததைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைக்கலாம், ஒருவர் கற்றுக்கொண்டதை அப்படி வைக்க முடியாது என்பதால், செலவுக்கணக்கு எந்தப் பக்கம் எளிதாக முடியும் என்பதை ஊகிக்கலாம்.

மாற்றி எண்ணிய இடமும் உண்டு என்பதால்தான் இதை விதி என்று விட்டுவிட மனம் வரவில்லை. இத்தாலியில் பண்ணைச் சுற்றுலாவுக்கென்று 1985 இல் தனிச் சட்டம் வந்தது. 2006 இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. விருந்தினரை ஏற்கும் பண்ணையில் வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. முதன்மை என்பதை எப்படி அளப்பது? வருமானத்தையோ அறைகளையோ முன்னிறுத்தாமல், அந்தந்த வேலைக்குத் தேவைப்படும் உழைப்பு நேரத்தைக் குறிப்பாகக் கருதி அளவுகோல் வகுக்கும்படி அந்தச் சட்டம் மண்டலங்களுக்குச் சொல்கிறது. விருந்தினர் பத்துப் பேருக்கு மேற்படாவிட்டால் அந்தக் கணக்கையும் பார்க்கவேண்டியதில்லை, வேளாண்மையே முதன்மை என்று கொள்ளப்படும். இந்த இரண்டு வரிகளை அந்த அம்மையாரிடம் சொன்னபோது, அவர் நோட்டைத் திறந்து, தண்ணீர் வந்த நேரம், வீடு திரும்பிய நேரம் என்ற இரண்டு பத்திகளின்மேல் விரலை வைத்துக் காட்டினார். நேரக்கணக்கு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை.

அதே நாட்டில் ஒரு கருத்து சட்டத்தில் இடம்பெற எத்தனை காலம் பிடித்தது என்பதும் தெரிந்ததே. 1976 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த பிரியூலிப் பகுதியின் மலைக்கிராமங்களில், சீரமைத்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்தபோது, ஊர் முழுவதையும் ஒரே விடுதியாகக் கொண்டு, வரவேற்பு ஒரு வீட்டிலும் அறைகள் அக்கம்பக்கத்து வீடுகளிலுமாக வைக்கலாம் என்ற யோசனை பிறந்தது. 'பரவிய விடுதி' என்ற பொருள் தரும் அல்பெர்கோ டிஃபூசோ என்ற பெயர் 1982 இல் புழக்கத்துக்கு வந்தது. சுற்றுலாச் சந்தைப்படுத்தல் வல்லுநரான ஜான்கார்லோ தல்லாரா அதை ஒரு முழு வடிவமாக வளர்த்தெடுத்தார். விடுதி என்றால் ஒரே கூரை என்று எழுதிவைத்திருந்த விதிகளுக்கு நடுவே, சார்டினியா மண்டலம் தன் சட்டத்தில் அதற்கு இடம் கொடுத்தது 1998 இல். ஒரு கூரை பல கூரை ஆவதற்கே பதினாறு ஆண்டுகள் என்றால், கூரையே இல்லாத ஒரு வாய்க்கால் கரைக்கு எத்தனை ஆண்டுகளோ.

அந்த அம்மையாருக்கு அக்காள் மகன் ஒருவன் இருந்தானாம். நடைக்கு உதவியாக முதல் இரண்டு பருவமும் வந்தவன் அவன்தான். விருந்தினரின் மொழியில் பேசக் கற்றுக்கொண்டதும் அவனே. சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சிக்கு அவனை அனுப்பினார். பயிற்சியில் அவனுக்கு வரவேற்பு மேசையில் நிற்பதும் பெட்டி தூக்குவதும் கணினியில் அறை ஒதுக்குவதும் சொல்லிக்கொடுத்தார்கள். சான்றிதழோடு நகரத்து விடுதி ஒன்றில் வேலையும் கிடைத்துவிட்டது. 'போனது நல்லதுக்குத்தான்' என்கிறார், அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவதால் கிராமியச் சுற்றுலா தளர்கிறது என்று சொல்லும்போது, போவதற்கான கதவைத் திறந்துவிடுவது சில நேரம் சுற்றுலாவின் பெயரால் நடக்கும் பயிற்சியே என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இனி அவருடைய பக்கத்துக் குறைகள். வாய்க்கால் அவருடையதல்ல, நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பொது. மடையும் தண்ணீரும் ஊருக்குப் பொதுவாக இருக்க, அதைக் காட்டி ஒருவர் மட்டும் பணம் வாங்குவது எப்படி என்று கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பேசிப் பங்கு வைக்க அவர் முயன்றிருக்கலாம்; ஒருமுறை பேச்சு முற்றியதும் விட்டுவிட்டார். எல்லோரும் செய்யத் தொடங்கினால் தன் விருந்தினர் குறைந்துவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. அதை அவர் மறைக்கவில்லை. கணக்குப் போட்டால் இது தலைகீழ் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய முறை ஏழு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. வெவ்வேறு நாளில் முறை வரும் வேறு ஆறு குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் விருந்தினர் வரும் எந்த நாளிலும் யாராவது ஒருவருடைய முறை இருக்கும். நேரம் தவறும் புகாரில் பாதி தானாகக் கரைந்துவிடும். இப்போதோ அவருக்குக் காய்ச்சல் வந்தால் நடை இல்லை.

இந்தப் பொதுச்சொத்துச் சிக்கல் புதியதும் அல்ல, தீராததும் அல்ல. பாசன வாய்க்கால்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊரார் தாமே விதி வகுத்து நீண்டகாலம் ஆண்டுவந்ததை ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009 இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஐரோப்பிய ஒன்றியம் 1991 இல் தொடங்கிய லீடர் திட்டத்தில், ஊரக வளர்ச்சிப் பணத்தை எதில் போடுவது என்பதை உள்ளூர்ச் செயற்குழுக்கள் முடிவு செய்கின்றன. 2014–2020 காலத்து விதிகளின்படி அதிகாரிகளோ வேறெந்த ஒரு தரப்போ வாக்குகளில் 49 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது. இந்த ஊரின் சுற்றுலாக் குழுவில் இருப்பவர்களோ அறை வைத்திருப்பவர்கள் மட்டும். அறை இல்லாத வாய்க்கால்காரர் ஒருவர்கூட அதில் இல்லை. தண்ணீரைப் பங்கிடத் தெரிந்த ஊருக்குத் தண்ணீரைக் காட்டி வரும் பணத்தைப் பங்கிடத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அந்தப் பேச்சை எடுக்க ஒரு மேசை போடப்படவில்லை.

உலக அளவிலான அங்கீகாரத்தைப் பற்றியும் அவர் கேட்டார். ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2021 இல் தொடங்கிய சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் தேர்வில், முதல் ஆண்டில் 32 நாடுகளைச் சேர்ந்த 44 கிராமங்கள் இடம்பெற்றன. 15,000 பேருக்கு மேற்படாத ஊர்கள் போட்டியிடலாம். ஒன்பது தலைப்புகளில் மதிப்பிடுகிறார்கள். அறை எண்ணிக்கையைத் தாண்டிய பார்வை அதில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் அந்தந்த நாட்டு அரசின் வழியாகத்தான் போகவேண்டும். நோட்டு வைத்திருக்கும் ஒருவர் நேரே அனுப்ப முடியாது என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்.

சேவைக்கு வருகிறேன். தகவல் நேர்மை, முன்பதிவின் எளிமை, ரத்து செய்தால் பணம் திரும்பும் விதம், பயணத்துக்கு முன்பான தொடர்பு ஆகியவற்றில் இது நான் பயன்படுத்திய கிராமத் தங்கல் தளங்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. கிராமத்து வீட்டுக்காரர்களுக்குப் பணம் தாமதமாகப் போய்ச்சேருகிறது. விருந்தினர் கிளம்பி மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வருகிறது என்றார் அந்த அம்மையார். விருந்தினருக்கு இது தெரிய வாய்ப்பில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். தேடும்போது வடிகட்டும் வசதியில் குளிர்சாதனம், வாகன நிறுத்தம், நீச்சல் குளம் என்று பதினான்கு தெரிவுகள் இருக்கின்றன. இரவில் நடப்பது, வேலையில் உடனிருப்பது, கற்றுக்கொள்வது என்ற வகையில் ஒன்றும் இல்லை. நானே இந்த வீட்டைக் கண்டுபிடித்தது தளத்தின் தேடலால் அல்ல, அங்கே முன்பு தங்கிய நண்பர் சொன்னதால்.

நட்சத்திரத்தை விட்டுவிட்டு வேறு குறியீடு வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பிரான்சில் 1955 இல் உருவான கிராமத் தங்கல் கூட்டமைப்பான ஜீத் தெ பிரான்ஸ் தன் வீடுகளுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாகத் தானியக் கதிரைக் குறியாக வைத்து, ஒன்றிலிருந்து ஐந்து கதிர்வரை தரம் பிரித்தது. அழகான யோசனை. ஆனால் கதிரும் பெரும்பாலும் வீட்டின் வசதியையும் சூழலையுமே எண்ணியது. குறியீட்டைவிடக் கேள்வி மாறவேண்டும். எட்டாவது கேள்வியாக, 'வேறெங்கும் செய்திராத எதையாவது இங்கே செய்தீர்களா, அதைச் சொல்லுங்கள்' என்று ஒன்றைச் சேர்த்து, அதற்கு நட்சத்திரமே வைக்காமல், பதிலை மட்டும் அந்த வீட்டின் பக்கத்தில் முதலில் காட்டினால், 11 மணிக்கு உடையணிந்து காத்திருந்த அந்த விருந்தினரும் மூன்று மணிக்கு என்ன பார்த்தார் என்பதை எழுதியிருக்கக்கூடும்.

என் மதிப்பெண்கள்: இணையத்துக்கு மூன்று, மற்ற ஆறுக்கும் ஐந்து. இணையத்துக்கு மூன்று கொடுத்ததும் அந்த வீட்டின் சராசரி சற்றே கீழே இறங்கியதைத் திரையில் பார்த்தேன். திரும்பிப்போய் மாற்றலாமா என்று யோசித்தேன். இணைப்பு உண்மையிலேயே சரியில்லை என்பதால் மாற்றவில்லை. கருத்துப் பெட்டியில் நடையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இருநூறு எழுத்துகளில் நின்றுவிட்டது. தண்ணீரின் முனை வந்து சேர்வதற்குள் இடம் முடிந்துவிட்டது.

போக விரும்புகிறவர்கள், நாளைத் தேர்ந்துகொண்டு பிறகு வீட்டைத் தேடும் வழக்கத்தை இந்த ஒரு முறை மாற்றிக்கொள்ளவேண்டும். இதுபோன்ற நடை நடத்தும் வீட்டைக் கண்டால், முன்பதிவு செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதம் எது, அவருடைய முறை வரும் கிழமை எது என்று கேட்டு, அதை ஒட்டி நாளை வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் நாட்காட்டியில் அது தெரியாது. காப்பீடு உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். கணுக்கால்வரை மூடும் காலணி, மாற்று உடை, கையில் ஒரு சிறு துணி போதும். சிவப்புத் தாள் அவரிடமே இருக்கும்.